பிலோமினா மேடம் வகுத்துப் பார்த்த எண்

பிலோமினா மேடம் தவறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது எங்கள் காலை பாசஞ்சர் பேரணி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. ஏதோ ஒரு விரைவு வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் வழக்கமான நிறுத்தம்தான். எதிர் சீட்டில் இருந்த வங்கி ஊழியர் சேகர் செல்போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு போனையே என்னிடம் நீட்டினார். "வேலு, நம்ம மேடம் போயிட்டாங்கப்பா" என்றார். விடியற்காலையில், விழுப்புரத்தில், மகள் வீட்டில். மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தவர்தான். இருந்தாலும் வண்டி மறுபடி நகர்ந்து மயிலம் தாண்டும்வரை அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பிறகு கோயில் கூடத்தில் நாம் கூடும்போது நான் பேச வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்குப் பேச வராது, அழுகை முந்திக்கொள்ளும். அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் அவரோடு சீசன் டிக்கெட்டில் பயணம் செய்தவர்கள். மீதிப் பேர் அவர் கையால் மருந்து வாங்கியவர்களோ உறவினர்களோ. எல்லோருக்கும் புரியும்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் திருவாமாத்தூர்க்காரன். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். மேடம் அதே திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். அவருடைய அப்பா அம்மா பிரம்மதேசம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்தவர்கள். அந்த வீட்டிலிருந்து படித்து மேலே வந்தவர் அவர். என் வீட்டில் சொந்த நிலம், பம்புசெட்டு எல்லாம் உண்டு, படிப்பில்தான் நான் சுமார். வண்டியில் நான் அவரைப் பார்த்த முதல் நாள், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மாத்திரை அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். விலை பார்க்கிறார் என்று நினைத்தேன். அட்டையில் அச்சிட்ட பேட்ச் எண்ணை எடுத்து, அது எந்தெந்த எண்களால் வகுபடும் என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு மேடம் இது என்று கேட்டேன். "சும்மாத்தான் சார். ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஏதோ இருக்குது இல்ல" என்றார்.

இப்படித் தொடங்கிய பழக்கம்தான் அந்தப் பெரிய எண்ணில் கொண்டுபோய் விட்டது. அவர் மருந்துக் கவுன்டரில் இருந்த கால்குலேட்டரில் பத்து இலக்கங்கள்தான் நிற்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் வெறும் ஒன்றுகளாகத் தட்டி, அது எதனால் வகுபடுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஐந்து ஒன்று போட்டால் நாற்பத்தொன்றும் இருநூற்று எழுபத்தொன்றும் பெருக்கி வருவது. ஏழு ஒன்று போட்டால் இருநூற்று முப்பத்தொன்பதும் நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதும். பத்து வரை பார்த்துவிட்டார். "பதினொண்ணு நிக்க மாட்டேங்குது சார், கால்குலேட்டர்ல எடமில்ல. கையாலதான் போடணும்" என்றார். பதினோரு ஒன்றுகள் வரிசையாக. ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடிக்கு மேல். அது தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண்ணா, இல்லை உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கிறதா? இதுதான் கேள்வி.

போனில் தட்டினால் ஒரு நொடியில் வந்துவிடுமே என்றேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு, அன்று லேசாக முகம் மாறியது. "போன்ல பார்த்தா வந்துடும். வந்துட்டா அப்புறம் நாம எதுக்கு இங்க ஒக்காந்துக்கினு இருக்கோம்?" என்றார். அதற்குப் பிறகு நான் போன் பேச்சை எடுக்கவில்லை.

எல்லா எண்களாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் ஆயுள் போதாது. அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். ஐந்து ஒன்றுகளின் காரணிகளில் ஒன்றைக் கழித்தால் நாற்பது, இருநூற்று எழுபது. இரண்டும் பத்தின் மடங்கு. ஏழு ஒன்றுகளின் காரணிகளில் ஒன்றைக் கழித்தால் இரண்டுமே பதினான்கின் மடங்கு. அப்படியானால் பதினோரு ஒன்றுகளுக்கு இருபத்திரண்டின் மடங்கோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்றார். எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியரிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சரிதான், அதற்குப் பழைய தேற்றமே இருக்கிறது, இந்தம்மா எங்கே படித்தார்கள் என்று கேட்டார். மருந்தாளுநர் படிப்பு, டி.பார்ம் என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த வகை எண்களிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் போதும். இருபத்துமூன்று, அறுபத்தேழு, எண்பத்தொன்பது, நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று பட்டியல் போனது. ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை பார்த்தால் போதும். அதற்கு மேல் வகுக்கிற எண் ஒன்று இருந்தால் அதன் ஜோடி அதற்குக் கீழே இருந்தே தீரும். அப்படியும் ஏறக்குறைய ஆயிரம் எண்கள். ஆளுக்கு ஒன்றுவிட்டு ஒன்று என்று பங்கு போட்டோம். ஒரு நீள நோட்டில் இடது பக்கம் வகுக்கும் எண், வலது பக்கம் வந்த மீதி. என் பங்கை நான் கறுப்புப் பேனாவில் எழுதுவேன், அவர் பங்கை அவர் நீலத்தில். போட்டுப் பார்த்த தாளை வைத்துக்கொள்வதில்லை, கசக்கிப் போட்டுவிடுவோம். விழுப்புரத்தில் ஏறி உட்கார்ந்தால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் ஆளுக்கு ஒரு கணக்கு. சீட்டு கிடைக்காத நாளும் உண்டு, வண்டி ரத்தாகும் நாளும் உண்டு. எழுந்து நின்றுகொண்டே போட்டிருக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எங்களைச் சீட்டு கம்பெனிக்காரர்கள் என்று நினைத்ததும் உண்டு.

மேடத்தின் குணத்துக்கு ஒரு சம்பவம் சொன்னால் போதும். ஒருநாள் மாலை வண்டிக்கு அவர் வரவில்லை. மறுநாள்தான் காரணம் தெரிந்தது. ரத்தக்கொதிப்புக்கு ஐந்து மில்லிகிராம் மாத்திரை கொடுக்க வேண்டிய ஒரு பெரியவருக்குப் பத்து மில்லிகிராம் அட்டையைக் கொடுத்துவிட்டார். கவுன்டரை மூடும்போது எண்ணிப் பார்த்ததில் ஒரு அட்டை இடித்தது. மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து, ஊர் எது என்று பார்த்து, மரக்காணம் பஸ்ஸில் ஏறிப் போய், அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் நின்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டு மருமகள் வாய்க்கு வந்தபடி திட்டினாளாம். "திட்டினது சரிதானே சார். தப்பு என்னுது. தப்பு வரத்தான் செய்யும், வந்தா வந்த எடத்துலயே போய் சொல்லிடணும்" என்றார். இதை அவர் எனக்குச் சொன்னது எங்கள் கணக்கின் முதல் வருடத்திலா, அதற்குப் பிறகா என்று பல நாளாக யோசிக்கிறேன். நினைவுக்கு வரவில்லை. ஏன் யோசிக்கிறேன் என்பது பின்னால் உங்களுக்குப் புரியும்.

மூன்று வருடம் நெருங்கும்போது பட்டியல் முடிந்தது. ஊரடங்குக்கு முந்தைய வருடம் அது. ஆயிரம் வரிகளில் ஒரு இடத்திலும் மீதி சைபர் இல்லை. அப்படியானால் அது பகா எண். திண்டிவனம் வருவதற்குள் நான் எழுந்து நின்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். மறுநாள் நான் லட்டு வாங்கி வந்து கொடுத்தேன். சேகர் போனை எடுத்து, ஒரு தரம் சரிபார்த்துவிடலாமே என்றபோது மேடம் அவர் கையைத் தொட்டுத் தடுத்தார். "வேணாம் சார். எங்களுக்குத் தெரியும்" என்றார். பெருமையில் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிக்குக் காரணம் இருந்தது.

பிறகு ஊரடங்கு வந்தது, வண்டி நின்றது. வண்டி மறுபடி ஓடத் தொடங்கியபோது மேடம் ஓய்வு பெற்றிருந்தார். வாரம் ஒரு தரம் போனில் பேசியது மாதம் ஒரு தரம் ஆகி, பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவதாகச் சுருங்கியது. படுக்கையில் இருந்த மூன்று மாதத்தில் நான் ஒரே ஒரு தரம் போய்ப் பார்த்தேன். பத்து நிமிடம் இருந்திருப்பேன். வண்டி நேரம் மாறியதைப் பற்றிப் பேசினேன், மழையைப் பற்றிப் பேசினேன். தலைமாட்டில் ஜெபப் புத்தகத்தோடு அந்த நீள நோட்டும் இருந்தது. கிளம்பும்போது, "கணக்கு எதனா போடுறீங்களா சார்?" என்று கேட்டார். நேரமே கிடைப்பதில்லை மேடம் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, பார்த்துப் போங்க" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடக்கம் முடிந்து இரண்டாவது வாரத்தில் நம் காலை பாசஞ்சர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை வந்தது. பிரம்மதேசம் பக்கத்தில் அவர் ஊர்க் கல்லறையில் வைக்கப்போகும் நினைவுக் கல்லில், பெயருக்குக் கீழே பதினோரு ஒன்றுகளையும் செதுக்கி, 'இது பகா எண் என்று கண்டவர்' என்று போட வேண்டும் என்றார் சேகர். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டீர்கள். நானும் போட்டேன். வாசகத்தைச் சரியாக எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதற்காக மேடத்தின் மகள் ஜெனிபர் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கறுப்பு வரி, நீல வரி, கறுப்பு வரி, நீல வரி. பத்துப் பன்னிரண்டு பக்கம் போன பிறகு ஒரு கறுப்பு வரியின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு எண் எழுதியிருந்தது. மேடத்தின் கையெழுத்து. வண்டியில் கணக்குப் போட்ட காலத்தில் அது அங்கே இல்லை, தனியே குறித்து வைத்திருந்ததைப் பின்னால் ஏற்றியிருக்க வேண்டும். நான் எழுதிய மீதி ஒன்று, அவர் எழுதிய மீதி வேறொன்று. இன்னும் இரண்டு பக்கம் தள்ளி அதே போல் ஒன்று. பிறகு இன்னொன்று. அவை என்னவென்று எனக்குத் தெரியும்.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். முதல் வருடத்தில் சில நாட்கள் நான் கணக்குப் போடவே இல்லை. முந்தின நாள் கிரிக்கெட் ஆட்டத்தை யாராவது போனில் ஓடவிட்டிருப்பார்கள், நான் அங்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். மயிலம் வந்ததும் நோட்டை வாங்கி, வகுக்கும் எண்ணைவிடச் சின்னதாக வாயில் வந்த ஏதோ ஒரு எண்ணை மீதி என்று எழுதிவிடுவேன். ஆயிரத்தில் ஒன்றிரண்டு, யார் பார்க்கப்போகிறார்கள்? அப்படி எழுதியது மொத்தம் ஐந்து. ஐந்தையும் மேடம் பார்த்திருக்கிறார். மருந்து கொடுக்கும் இடத்தில் ஒருவர் எடுத்ததை இன்னொருவர் சரிபார்ப்பது அவர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, என் பங்கு முழுவதையும் அவர் மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார்.

ஐந்தாவது வரி இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. மீதி பதினாலாயிரத்து இருநூற்று ஆறு என்று கறுப்பில் நான் எழுதியிருந்தேன். பக்கத்தில் பென்சிலில்: '513239 தடவை. மீதி 0.' கீழே, வகுத்துப் பார்த்த தேதியும் போட்டிருந்தார். என் வரியின் தேதிக்கு நான்காம் நாள், ஒரு ஞாயிறு.

அதாவது தேடியது முதல் வருடத்திலேயே கிடைத்துவிட்டது. அது பகா எண் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் மறுநாள் திங்கட்கிழமை காலை வழக்கம்போல விழுப்புரத்தில் ஏறி, எனக்கு இடம் பிடித்து வைத்து, அடுத்த எண்ணை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகும் இரண்டு வருடம், தேவையே இல்லாத எழுநூற்றுச் சொச்சம் எண்களில் தன் பங்கை ஒன்று விடாமல் போட்டிருக்கிறார். அந்த வாரத்திலிருந்து ஒரு மாற்றம் மட்டும் இருந்தது, இப்போதுதான் பிடிபடுகிறது. நான் நோட்டை நீட்டும்போதெல்லாம் அவர் வாங்கிக்கொள்ளாமல், "மீதி என்ன வந்துச்சு சார்?" என்று கேட்பார். நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் ஒரு கணம் என்னைப் பார்ப்பார். அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு என்னால் இட்டுக்கட்டி எழுத முடியவில்லை. திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே மேடம். ஏன் சார் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் அன்றே காலில் விழுந்திருப்பேன். அந்தப் பெரியவர் வீட்டுக்கு பஸ் ஏறிப் போன நீங்கள், பக்கத்து சீட்டில் இருந்த என்னிடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? அந்தக் கதையை எனக்குச் சொன்னதே இதற்காகத்தானா? இதையெல்லாம் நோட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் உறைத்தது. அது பகா எண் என்று அவர் வாயால் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. சொன்னவன், லட்டு கொடுத்தவன், எல்லாம் நான்தான்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, மயிலம் சாலையில் இருக்கும் கல்பட்டறைக்கு ஓடினேன். ஜெனிபர் முன்பே வந்திருந்தார். கருங்கல்லில் பெயர் செதுக்கி முடித்து, கீழே பதினோரு ஒன்றுகளைச் சாக்குக்கட்டியால் குறித்திருந்தார்கள். உளி வைக்க வேண்டியதுதான் பாக்கி. நிறுத்துங்கள் என்றேன். ஜெனிபரிடம் நோட்டைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு ஜெனிபர் சொன்னார்: "அம்மா படுக்கையில இருக்கும்போது நான் கேட்டேன் அங்கிள், இந்த நோட்டை எதுக்கும்மா தலைமாட்டுலயே வெச்சிக்கினு இருக்கேன்னு. அந்தக் கணக்கு எப்பவோ முடிஞ்சிபோச்சு, அவரு வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் இருக்கட்டும்னாங்க. எவருன்னு எனக்கு அப்போ தெரியல."

நான் போனேன். பத்து நிமிடம் இருந்தேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

கல் செதுக்குபவர், அப்போ என்னதான் போடுறது சார், ஜல்தி சொல்லுங்க என்றார். அங்கே கிடந்த ஒரு கல்பலகையில் உட்கார்ந்து, பையிலிருந்து தாளை எடுத்து, அன்று போடாமல் விட்ட கணக்கைப் போட்டேன். ஆறே படிகள். கடைசிப் படியில் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்று மேலேயும் வந்தது, கீழேயும் வந்தது. கழிக்க ஒன்றுமில்லை. பன்னிரண்டு நிமிடம் ஆனது. விக்கிரவாண்டி வருவதற்குள் முடித்திருக்கலாம்.

நாளை நீங்கள் கல்லறைக்குப் போனால் கல்லில் இருப்பது இதுதான்: 11111111111 = 21649 × 513239. கீழே, 'தன் கையால் வகுத்துக் கண்டவர்.' உங்க பெயரையும் சேர்க்கலாமா அங்கிள் என்று ஜெனிபர் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் மனசு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நோட்டை ஜெனிபரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். என் பொய் தெரிந்த ஒருவர், தெரிந்த பிறகும், இரண்டு வருடம் தினமும் காலையில் தன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்தார். நான் சொல்வேன் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நான் பொய்யாக்கிவிட்டேன். அதையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று நான் எழுந்து நின்று சொன்னதை நம்பி லட்டு சாப்பிட்டவர்களே, அந்த எண் பகா எண் அல்ல. என் பங்கில் வந்த கணக்கை நான் போடவில்லை, பொய் எழுதினேன். மேடத்திடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.